பழைய லேத்: வயது கண்டுபிடிப்பது, வாங்குவது, வைத்து ஓட்டுவது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கொட்டகையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ வைத்து ஓட்டக்கூடிய பழைய உலோக லேத்துகளைப் பற்றியது இந்தப் பக்கம். அமெரிக்காவின் சவுத் பெண்ட் 9 அங்குலம், அட்லஸ், இங்கிலாந்தின் மைஃபோர்டு எம்எல்7 ஆகிய மூன்றையும் வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். பொழுதுபோக்காக லேத் ஓட்டுபவர்களிடம் அதிகம் இருப்பவை இவைதான். வேறு கம்பெனி லேத் வைத்திருப்பவர்களுக்கும் முறை ஒன்றே.

புது மினி லேத் கிடைக்கிறதே, பழையதை ஏன் வாங்க வேண்டும்?

கனம்தான் முதல் காரணம். 1940களில் வார்த்த ஒரு சவுத் பெண்ட் பெட் (மற்றப் பாகங்கள் உட்காரும் நீள அடித்தளம்), இன்று அதே விலைக்கு வரும் புது மினி லேத்தின் பெட்டைவிடப் பல மடங்கு கனமானது. வெட்டும்போது அதிராது, அதிராததால் கடைசல் முகம் சுத்தமாக வரும். இரண்டாவது, பேக் கியர், அதாவது வேகத்தைக் குறைக்கும் பல்சக்கர அமைப்பு. மிகக் குறைந்த வேகத்திலும் இழுவை குறையாமல் ஓடும். பெரிய விட்டம் கடையவும் மரை போடவும் இது இல்லாமல் கஷ்டம். மூன்றாவது, எலெக்ட்ரானிக் போர்டு எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் கையால் கழற்றிப் பார்க்கலாம், தேய்ந்தால் செய்து போடலாம், பல நேரம் அதே லேத்திலேயே செய்யலாம்.

அடுத்த வாரமே ஒரு பாகம் கடைந்து கொடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர் பழைய லேத் வாங்க வேண்டாம். கழற்றி, கழுவி, புரிந்துகொண்டு ஓட்டச் சில மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களும் பிடித்தவர்களுக்குத்தான் இது.

லேத் வீட்டுக்கு வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

சீரியல் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பெயின்ட் சுரண்டுவதற்கு முன், பெல்ட் வாங்குவதற்கு முன், சக் (வேலைத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஆர்டர் செய்வதற்கு முன். ஒரே பெயரில் முப்பது, நாற்பது வருடம் விற்ற மாடல்கள் இவை. நடுவில் பேரிங் மாறியிருக்கும், சேடில் (பெட் மேல் நகரும் பாகம்) மாறியிருக்கும், ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) மரைகூட மாறியிருக்கலாம். எந்த வருடத்து லேத் என்று தெரியாமல் வாங்கிய உதிரிப் பாகம் பெட்டியிலேயே கிடக்கும்.

சவுத் பெண்டில் எண் எங்கே இருக்கும்?

டெயில்ஸ்டாக்கை (பெட்டின் வலது பக்கம் நிற்கும் தாங்கி) பின்னால் இழுத்துக் கழற்றி எடுத்துவிடுங்கள். பெட்டின் வலது கோடியில், முன்பக்கத்து வி வடிவத் தண்டவாளத்துக்கும் அதையடுத்த தட்டையான பரப்புக்கும் நடுவே குத்தியிருக்கும். எண்பது வருட எண்ணெயும் தூசும் சேர்ந்து கறுப்பு மெழுகு மாதிரி அதன்மேல் உறைந்திருக்கும் என்பதால் முதல் பார்வைக்கு வெறும் இரும்பாகத்தான் தெரியும். கம்பி பிரஷ் வேண்டாம். மண்ணெண்ணெய் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டுவைத்துத் துடையுங்கள். காய்ந்ததும் வெள்ளைச் சாக்பீஸைக் குறுக்காகத் தேய்த்து, மேலாக விரலால் துடைத்துவிட்டால், குத்திய பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்துவையுங்கள். 3, 8 போன்ற இலக்கங்கள் தேய்ந்து ஒன்றுபோல் தெரியும்; நிழல் விழுந்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

கியர்பாக்ஸ் மேல் இருக்கும் பித்தளைத் தகட்டில் உள்ளது கேட்டலாக் எண். அது வயதைச் சொல்லாது. மாடலையும் பெட் நீளத்தையும்தான் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

எண் கிடைத்துவிட்டது. அதிலிருந்து வருடம் எப்படி?

சவுத் பெண்ட் கம்பெனியை 1906ல் இண்டியானா மாநிலத்தில் ஜான், மைல்ஸ் ஓ'பிரையன் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கினார்கள். ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு கார்டு எழுதி வைக்கும் பழக்கம் அங்கே இருந்தது. என்ன மாடல், என்னென்ன சேர்த்து அனுப்பினார்கள், எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். 1959ல் கம்பெனி கை மாறி, பிறகும் சில கைகள் மாறி, 2009ல் இயந்திரங்கள் விற்கும் கிரிஸ்லி நிறுவனத்தின் உரிமையாளரிடம் வந்தபோது கார்டுகளும் கூடவே வந்தன. அவற்றின் நகலைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவந்தார்கள். கார்டு கிடைத்தால் அதுவே கடைசித் தீர்ப்பு.

கார்டு இல்லாதவர்களுக்கு, ஆண்டுவாரியாக எண்கள் எங்கிருந்து எங்குவரை போயின என்ற பட்டியல்கள் இணையத்தில் உண்டு. இங்கிலாந்தின் டோனி கிரிஃபித்ஸ் தொகுத்துள்ள லேத் காப்பகத்தில் பட்டியலைவிடப் படங்கள்தான் பெரிய உதவி. உங்கள் லேத்தின் கைப்பிடி, கியர் மூடி, கால் வார்ப்பு எல்லாவற்றையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பட்டியல் தரும் வருடத்தை ஒன்றிரண்டு வருடம் முன்பின்னாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடல் எழுத்தும் கொஞ்சம் உதவும். 9 அங்குல ‘வொர்க்‌ஷாப்’ லேத் 1934ல் வந்தது. ஏ, பி, சி என்ற பெயர்கள் 1930களின் கடைசியில்தான் வந்தன. ஏ மாடலில் குயிக் சேஞ்ச் கியர்பாக்ஸும் (நெம்புகோலால் கியர் மாற்றுவது) பவர் கிராஸ் ஃபீடும் (டூலைக் குறுக்காகத் தானாக நகர்த்துவது) இரண்டும் இருக்கும். பி மாடலில் கிராஸ் ஃபீடு உண்டு, கியர்பாக்ஸ் கிடையாது. சி மாடலில் இரண்டும் இல்லை. ஆனால் சி லேத்தில் ஏ மாடலின் கியர்பாக்ஸையும் ஏப்ரனையும் (சேடிலின் முன்பக்கம் தொங்கும் பகுதி) மாட்டி ஓட்டுபவர்கள் ஏராளம். ஆகவே பாகத்தைப் பார்த்து வருடம் சொல்லிவிடாதீர்கள். வயது பெட்டுக்குத்தான்.

என் லேத்தில் போர் உற்பத்தி வாரியம் என்று ஒரு தகடு இருக்கிறது. அது என்ன?

பழைய அமெரிக்க லேத் ஒன்றில் கிடைக்கக்கூடிய மிக நல்ல சாட்சி அது. இந்த இயந்திரத்தின் மேற்பூச்சு போர் உற்பத்தி வாரியத்தின் ஆணைப்படி உள்ளது என்பதுதான் அந்தச் சின்னப் பித்தளைத் தகட்டின் வாசகம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க அரசு அமைத்த அந்த வாரியம் 1942 ஜனவரியில் தொடங்கி 1945 நவம்பரில் கலைக்கப்பட்டது. தகடு அதே லேத்தில் பிறந்ததிலிருந்து இருப்பது என்றால், உங்கள் தேடல் நான்கு வருடத்துக்குள் சுருங்கிவிட்டது.

தகட்டுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் வார்ப்பின் மேடுபள்ளங்களை அரைத்து, ஃபில்லர் (பள்ளம் நிரப்பும் பூச்சு) பூசி, மழமழவென்று ஆக்கியபின்தான் பெயின்ட் அடிப்பார்கள். போர்க்காலத்தில் அதற்கு ஆளும் நேரமும் இல்லை. மணல் அச்சின் சொரசொரப்போடு அப்படியே அடித்து அனுப்பினார்கள். வாங்குபவர் இது மட்டமான சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தகடு. எனவே போர்க்கால சவுத் பெண்டின் கரடுமுரடான வெளிப்பரப்பை ஃபில்லர் போட்டு மறைக்காதீர்கள். அது அந்த லேத்தின் சரித்திரம். பெட்டும் ஸ்பிண்டிலும் வழக்கமான துல்லியத்தோடுதான் செய்யப்பட்டன.

அட்லஸ், கிராஃப்ட்ஸ்மேன் லேத்துகளுக்கு?

மிச்சிகன் மாநிலம் கலமசூவில் இருந்த அட்லஸ் பிரஸ் கம்பெனியின் லேத்தைத்தான் சியர்ஸ் கடைகள் கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் விற்றன. மாடல் எண் 101 என்று ஆரம்பித்தால் அது அட்லஸ் செய்தது. டிம்கன் ரோலர் பேரிங் உள்ள லேத்துகளில் பேரிங்கைக் கழற்றினால், வளையத்தின் மேல் பொடி எழுத்தில் ஒரு தேதி கீறியிருப்பதைப் பார்க்கலாம். அது பேரிங்கின் தேதி. லேத் அதற்குப் பிறகுதான் கோக்கப்பட்டிருக்கும். நடுவில் யாராவது பேரிங்கை மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. தேதி பார்ப்பதற்காக மட்டும் நன்றாக ஓடும் ஸ்பிண்டிலைக் கழற்றுவது வீண் வேலை. வேறு எதற்காவது பிரிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மைஃபோர்டு?

நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் செசில் மூர் தொடங்கிய கம்பெனி. எம்எல்7 வந்தது 1946ல். எண் பெட்டில் குத்தியிருக்கும். எம்எல்7க்கு ‘கே’ என்ற எழுத்தும், அதே கம்பெனியின் இன்னொரு மாடலான சூப்பர் 7க்கு ‘எஸ்கே’யும் முன்னால் வரும். 2011ல் பழைய தொழிற்சாலை மூடப்பட்டு, ஆர்டிஜி டூல்ஸ் பெயரையும் சரக்கையும் வாங்கிக்கொண்டது. உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

மைஃபோர்டில் வயது முக்கியமாவது சேடில் விஷயத்தில். 1972 வரை வந்த லேத்துகளில் சேடில், முன்பக்கத் தண்டவாளத்தின் இரண்டு விளிம்புகளையும் கவ்விக்கொண்டு நகரும். அதன்பின் வந்தவற்றில் முன் தண்டவாளத்தின் முன் விளிம்பிலும் பின் தண்டவாளத்தின் பின் விளிம்பிலும் கவ்வும். பழைய வகை தேய்ந்துபோய்விட்டால், தேயாமல் புதிதாகவே இருக்கும் பின் விளிம்பைப் பயன்படுத்திக்கொள்ளும்படி சேடிலுக்குள் ஒரு பட்டை ஒட்டிப் புதிய வகையாக மாற்றிவிடலாம். பெட்டைக் கிரைண்டிங்குக்கு அனுப்பாமலே லேத் உயிர் பெற்றுவிடும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் இதில் இறங்க முடியாது.

எண் அழிந்துபோயிருந்தால்?

பேட்டன்ட் எண்ணைத் தேடுங்கள். அமெரிக்காவில் இருபது லட்சமாவது பேட்டன்ட் 1935 ஏப்ரலில் கொடுக்கப்பட்டது. தகட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட எண் இருந்தால் அந்தத் தகடு 1935க்கு முந்தியது அல்ல. எல்லாவற்றிலும் பெரிய எண்ணை எடுத்துத் தேடினால் சரியான தேதியே கிடைக்கும். ‘இதற்கு முன் இல்லை’ என்ற எல்லை அது. ‘இதற்குப் பின் இல்லை’ என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். மோட்டாரை நம்பாதீர்கள். லேத்தில் முதலில் மாற்றப்படுவது மோட்டார்தான்.

வாங்கப் போகும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

புதுப் பெயின்ட் அடித்த லேத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். எண்ணெய்ப் பிசுக்கோடு, பெட் மட்டும் பளபளவென்று இருக்கும் லேத் அதைவிட நல்லது.

பெட் தேய்மானம் எப்போதும் சக் பக்கம்தான் அதிகம். வேலை நடப்பதே அங்கே. கேரேஜை (சேடிலும் ஏப்ரனும் சேர்ந்த நகரும் பகுதி) ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக் அருகே கொண்டுவந்து, லாக் போல்ட்டை லேசாகப் பிடிக்கும்வரை இறுக்குங்கள். அதே இறுக்கத்தோடு டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிக்கொண்டே போங்கள். நடுவழியில் சிக்கி நின்றால், சக் பக்கம் பெட் குழிந்திருக்கிறது. கொஞ்சம் கனமாகிறது என்றால் பரவாயில்லை, பொழுதுபோக்கு வேலைக்குத் தாராளமாகப் போதும். அசையவே மறுத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வந்துவிடுங்கள்.

அடுத்து ஸ்பிண்டில். சக்கில் ஒரு நீளக் கம்பியைப் பிடித்து, டயல் கேஜின் (நுண் அசைவைக் காட்டும் கருவி) முள்ளைச் சக் மாட்டும் ஸ்பிண்டில் மூக்கின் மேல் வைத்து, கம்பியை மேல்நோக்கி நெம்புங்கள். சவுத் பெண்ட் மாதிரி சாதா பேரிங் லேத்தில் 0.025 மி.மீ. அளவுக்குள் எழும்பினால் நல்ல நிலை. அதிகமாக எழும்பினாலும் பயம் இல்லை. பேரிங் பிளவில் உள்ள ஷிம்மை (மெல்லிய தகடு) எடுத்துச் சரிசெய்யலாம். ஆனால் கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அது வேறு கதை.

பேக் கியரைப் போட்டு மெதுவாகச் சுற்றி ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். சக்கைக் கழற்றுவதற்காகப் பேக் கியரைப் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டி, பல்லை உடைத்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் ஆட்டம் இருப்பது பெரிய குறை இல்லை, நட் மாற்றினால் போகும்.

கடைசியாக, கூட வரும் சாமான்களைப் பாருங்கள். மூன்று தாடை சக், நான்கு தாடை சக், ஃபேஸ் பிளேட், ஸ்டெடி (நீளக் கம்பியைத் தாங்குவது), சேஞ்ச் கியர் செட் (மரை அளவுக்கு ஏற்ப மாற்றும் கியர்கள்). இவை இல்லாத மலிவு லேத்தைவிட, இவையெல்லாம் உள்ள கொஞ்சம் தேய்ந்த லேத்தே லாபம். தனித்தனியாக வாங்கினால் லேத்தின் விலையைத் தாண்டிவிடும். சக் வாங்கும்போது மூக்கு மரையையும் பாருங்கள்: சவுத் பெண்ட் 9 அங்குலத்துக்கு 1½ அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை, எம்எல்7க்கு 1⅛ அங்குலம், 12 மரை.

துருவையும் பெயின்டையும் என்ன செய்வது?

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் கிரைண்டர் போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம். குழந்தைகள் நடமாடும் வீடென்றால் இன்னும் கவனம்.

வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜர் வைத்துச் செய்யும் மின்பகுப்பு முறை அருமையாக வேலை செய்யும். எதிர் முனைக்குச் சாதா இரும்புத் துண்டுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். கெடுவது இரும்பு அல்லாத பாகங்கள். அட்லஸ் லேத்தின் சேஞ்ச் கியர்கள் ஜமாக் என்ற துத்தநாகக் கலவை. அவற்றை இந்தத் தொட்டியில் போட்டால் அரித்துப்போகும். மண்ணெண்ணெயும் பிரஷும் போதும்.

தகடுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்குங்கள். எழுத்தின் கறுப்பு நிறம் போய்விட்டால் படிக்கவே முடியாது.

எந்த எண்ணெய்? கிரீஸ் வைக்கலாமா?

எண்ணெய்க் கிண்ணத்தில் கிரீஸ் வைத்தால் லேத்தின் கழுத்தை நெரித்ததுபோல. சவுத் பெண்ட் 9 அங்குலத்தின் ஹெட்ஸ்டாக்கைப் பார்த்தால் புரியும். ஸ்பிண்டில், வார்ப்பிரும்பிலேயே குடைந்த துளைக்குள் சுற்றுகிறது. கீழே ஒரு சின்ன எண்ணெய்க் குழி. அதற்குள் ஸ்பிரிங் மேல் நிற்கும் ஒரு கம்பளித் துண்டு, எண்ணெயை உறிஞ்சி ஸ்பிண்டிலின் அடியில் தடவிக்கொண்டே இருக்கும். இருபது, முப்பது வருடம் ஓடாமல் கிடந்த லேத்தில் இந்தத் துண்டு அட்டைபோல் விறைத்திருக்கும். எண்ணெய் ஊற்றினாலும் மேலே ஏறாது. அப்படியே சுவிட்சைப் போட்டால் ஸ்பிண்டில் வறண்டு சுற்றி, துளையைக் கீறிவிடும்.

ஆகவே ஓட்டுவதற்கு முன் ஸ்பிண்டிலை எடுத்து, குழியைக் கழுவி, புதுத் துண்டு போடுங்கள். ஷிம்களை எந்தப் பக்கத்தில் இருந்து எடுத்தீர்களோ அந்தப் பக்கமே வைக்கும்படி குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டிலைத் திரும்ப நுழைக்கும்போது, எண்ணெய்த் துளை வழியாக ஒரு கம்பியை விட்டுத் துண்டைக் கீழே அமுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிண்டிலின் விளிம்பு அதை வெட்டிவிடும். நுழைத்ததும் கம்பியை உருவ, துண்டு மெல்ல எழும்பி ஸ்பிண்டிலைத் தொடும். எண்ணெய், ஸ்பிண்டில் ஆயில் ஐஎஸ்ஓ 22. பெட்டுக்கு வே ஆயில் என்று தனியாகக் கிடைக்கும், ஐஎஸ்ஓ 68. கார் இன்ஜின் ஆயில் வேண்டாம்.

அங்குல லேத்தில் மெட்ரிக் மரை போட முடியுமா?

முடியும். மரை போடும்போது டூலை நகர்த்தும் நீளத் தண்டான லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 8 மரை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. இதை ஐந்தால் பெருக்கினால் 127 என்ற முழு எண் வரும். அதனால் ஸ்பிண்டில் பக்கம் 40 பல் கியர் ஓட்ட, 127 பல் கியர் லீட் ஸ்க்ரூவில் இருந்தால் சரியாக 1 மி.மீ. பிட்ச். 127 பல் கியர் பெரியது, இடம் அடைக்கும். எம்எல்7 வைத்திருப்பவர்கள் 21 பல் கியர் ஒன்று சேர்த்துக்கொள்கிறார்கள். 21 ஓட்ட 50, 30 ஓட்ட 40 என்று இரட்டையாகக் கோத்தால் 1.000125 மி.மீ. வரும். நூறு மில்லிமீட்டர் நீள மரையில் பிழை ஒரு தலைமுடி அளவுகூட இல்லை.

மெட்ரிக் மரை போடும்போது, லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் திறக்காதீர்கள். டூலைப் பின்னிழுத்து, மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டித் திரும்புங்கள். சக் மரையில் முறுக்கி ஏற்றியது என்பதால் எதிர்த்திசையில் மிகக் குறைந்த வேகம் மட்டுமே. வேகமாகத் திருப்பினால் சக் கழன்று விழும்.

அமெரிக்காவிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தால் மோட்டார் ஓடுமா?

110 வோல்ட் மோட்டாரை நேராக 230ல் சொருக முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், அங்கே 60 ஹெர்ட்ஸில் 1725 சுற்று சுற்றியது இங்கே 50 ஹெர்ட்ஸில் 1440 அளவில்தான் சுற்றும். உள்ளூர் மோட்டார் ஒன்றை மாட்டிவிட்டு, பழைய மோட்டாரைத் துடைத்துப் பத்திரமாக வையுங்கள். த்ரீ பேஸ் மோட்டாரும் விஎஃப்டியும் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) போட்டால் வேகத்தையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்.

நம் பக்கத்துப் பழைய லேத்துகள்?

1941ல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர், 1953ல் பெங்களூரில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கூட்டோடு அமைந்த எச்எம்டி, கோவை பீளமேட்டின் பிஎஸ்ஜி ஆகியவற்றின் லேத்துகள் இன்னும் எத்தனையோ லேத் பட்டறைகளில் சோறு போடுகின்றன. பல ஒரு டன்னைத் தாண்டும், வீட்டுக்கு ஒத்துவராது. ஆனால் காயலான் கடைக்குப் போகும் ஒன்றைப் பார்த்தால், தகட்டையும் பெட் எண்ணையுமாவது படம் எடுத்து வையுங்கள். சவுத் பெண்டுக்கு இருக்கும் அளவு ஆண்டுப் பட்டியல் நம் லேத்துகளுக்கும் வர வேண்டும் என்றால் அது இப்படித்தான் சேரும்.

பாதுகாப்புக்கு?

பழைய லேத்தில் எமர்ஜென்சி சுவிட்ச் கிடையாது. ஒன்று வாங்கிக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள். திறந்திருக்கும் பெல்ட்டுக்கு மூடி செய்யுங்கள். கையுறை, வேட்டி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் சுற்றும் லேத் அருகே வரக் கூடாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டு ஒரு நொடிகூடக் கையை எடுக்கக் கூடாது. வெட்டும்போது வரும் உலோகச் சுருளைக் கொக்கியால் இழுங்கள், விரலால் அல்ல.

எல்லாம் சரிசெய்தும் ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் சிறுத்து வருகிறது. பெட் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பெட் முறுக்கிக்கொண்டிருக்கும். நல்ல ரசமட்டத்தைக் குறுக்காக வைத்து இரு கோடிகளும் ஒரே மட்டமா என்று பாருங்கள். பிறகு 25 மி.மீ. கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக் சென்டரால் தாங்கல் கொடுக்காமல், இரு முனையிலும் ஒரு பட்டை மட்டும் விட்டு நடுவைக் குறைத்துக் கொள்ளுங்கள். டூலை அசைக்காமல் இரண்டு பட்டையையும் ஒரே லேசான வெட்டில் கடைந்து அளவெடுங்கள். டெயில்ஸ்டாக் பக்கத்துப் பட்டை பருமனாக இருந்தால், அந்தக் கோடியின் முன் காலுக்கு அடியில் ஷிம் கொடுங்கள். மெல்லியதாக இருந்தால் பின் காலுக்கு. காகிதக் கனத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் போல்ட்டை இறுக்கிவிட்டே மறுபடி கடைந்து பாருங்கள். மரமேசை மேல் வைத்திருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்; மரம் ஈரத்தில் நகரும்.